காலி வண்டி எடை

வேலந்தாவளம் தாண்டி, பனைகள் முடிகிற வளைவில்
எனக்கு ராத்திரி வேலை.
லாரிகளை நிறுத்தி நிறுக்கிறேன்.
ஏற்றி வந்த எடை, காலி வண்டி எடை,
கழித்தால் சரக்கு.
பதினோரு வருஷத்தில் என்னை ஏமாற்றியவர்கள்
இரண்டு பேர். இரண்டும் வைக்கோல் வண்டி.

பாலக்காட்டு டயட்டீஷியன் லிஜி
என்னைத் தராசில் ஏற்றி
எண்பத்தாறு எண்ணூறு என்றாள்,
காய்ச்சல் டிகிரி சொல்வதுபோல.
எழுதித் தந்த தாளில்
பரோட்டாவின் குறுக்கே இரண்டு கோடு.
நூடுல்ஸுக்கு ஒரு கோடு போட்டவள்
என் முகத்தைப் பார்த்துவிட்டு,
"வாரம் ஒண்ணு. பார்த்து எடுக்கணும், கேட்டோ."

பார்த்து எடுக்கத்தானே சம்பளம் வாங்குகிறேன்.

கொழிஞ்சாம்பாறைக் கடையில் நாலாவது வரிசை.
பச்சை உறை என்றால் உடம்புக்கு நல்லது என்று
யார் முதலில் முடிவு செய்தார்களோ.
ராகி என்று ஆள் உயர எழுத்து.
பின்னால் திருப்பினால் எறும்பு வரிசை:
மைதா, மைதா கழிந்து பாமாயில்,
அப்புறம் வருகிறது ராகி, நூற்றுக்குப் பதினொன்று,
கடைசிப் பந்திக்கு வந்து சேர்ந்த
தூரத்துச் சொந்தம் மாதிரி.

ஓட்ஸ் பாக்கெட்டில் நூற்றைம்பது கலோரி.
அடடா என்று கூடையில் போட்டேன்.
போட்ட கை அங்கேயே நின்றது.
'ஒரு பங்குக்கு.' பங்கு முப்பத்தைந்து கிராம்.
பாக்கெட்டோ எழுபது.
இந்த வித்தை எனக்குத் தெரியுமே!
முன் சக்கரத்தை மட்டும் மேடையில் ஏற்றிவிட்டு
சீட்டுக் கேட்கிற கருங்கல் லாரி.
"முழு வண்டியும் ஏறட்டும் தம்பி" என்று
பாக்கெட்டைப் பார்த்து வாய்விட்டே சொல்லிவிட்டேன்.
பக்கத்தில் சோப்பு எடுத்துக்கொண்டிருந்தவர்
கொஞ்சம் தள்ளி நின்றார்.

கண்ணாடிக் கதவுக்குள் ஜப்பான் நூடுல்ஸ்.
ஏதோ கிழங்கு. தண்ணீரில் மிதக்கிறது.
ஒன்பது கலோரி, இருநூற்றுத் தொண்ணூறு ரூபாய்.
பில் போடும் ரம்சீனா எட்டிப் பார்த்து,
"அது வேண்டா சேச்சி, நம்ம சேனைக்கு
சித்தி மகளாக்கும். வாயில் வெச்சா ஒண்ணுமில்ல."
சரக்கே ஏற்றாத வண்டிக்கு
யார் வாடகை கொடுப்பார்கள்?

கடைசியில் எடுத்தது தினை.
பெயர் தெரியாத கம்பெனி, உறையில் படம்கூட இல்லை.
முதல் சொல் தினை, இரண்டாவது கோதுமை.
பொரிக்காமல் உலர்த்தியது.
மசாலாப் பொட்டலத்தில் மட்டும் உப்பு ஒரு லோடு;
பாதியைக் குப்பையில் இறக்கலாம்.

ராத்திரி ஒன்றே முக்கால்.
கேபினுக்குள் இண்டக்‌ஷன் அடுப்பு.
கால் கிலோ பீன்ஸ், கேரட், ஒரு முட்டை.
அதற்குள் நூடுல்ஸைத் தேட வேண்டியிருந்தது.
தேங்காய் லோடுடன் வந்த வெள்ளிங்கிரி
ஜன்னலில் முகம் வைத்தான்:
"என்னங்க்கா, காய்கறிக்கு நூல் கட்டி வெச்சிருக்கீங்க?"

ருசியா? பல்லுக்கு வேலை இருந்தது.
அவ்வளவுதான் சொல்வேன்.
பழைய மஞ்சள் பாக்கெட்டை
நினைக்கவில்லை என்றால் பொய்.

அவன் லாரியை ஓரம் கட்டச் சொல்லிவிட்டு
செருப்பைக் கழற்றி, மேடையின் நடுவில் போய் நின்றேன்.
ஒன்பது வாரமாக இது என்னைத்
தொண்ணூறு என்றே சொல்லிக்கொண்டிருந்தது.
பத்துப் பத்தாகத்தான் எண்ணத் தெரியும் இதற்கு.
தேங்காய்க்கு அது போதும்.

"எம்பதுங்க்கா!"
உள்ளேயிருந்து கத்தினான். சீட்டும் அடித்துவிட்டான்.

நேற்று லிஜி தராசில் எண்பத்து நாலு முந்நூறு.
போனது இரண்டரைக் கிலோ.
பத்து என்கிறது மேடை.
இருநூறுக்குக் கீழே இது சொல்வது
சட்டப்படி செல்லாது, எனக்குத் தெரியும்.
இருந்தாலும் இன்னொரு நிமிஷம் இறங்காமல் நின்றேன்,
மூன்றாவது முறையாக ஏமாந்து.

வண்டி எண் என்ற இடத்தில் பூஜ்யம்.
சரக்கு: என்ன அடிப்பதென்று தெரியாமல் 'இதர'.
காலி வண்டி எடையைக்
காலியாகவே விட்டிருக்கிறான்.

மடித்து லிஜியின் தாளுக்குள் வைத்தேன்.
வளைவில் அடுத்த ஹார்ன்.
கருங்கல்.
முழுசா ஏறட்டும் என்று கை காட்டினேன்.